அப்பாவின்ர நெஞ்சுக்குத் துடக்கு

ஓம், ஐயரா இருந்தும் அப்பா கோயிலுக்குள்ள போகாமல் இருந்தது உண்மைதான். ஆனா நீர் நினைக்கிற மாதிரி ஏலாமல் இல்லை. மாரடைப்பு வந்தோடன இனிப் பூசை செய்ய ஏலாது எண்டுதான் டொக்டர்மார் சொன்னவை. பிறகு கொழும்பில அவற்ற இடுப்பெலும்பில இருந்து ஸ்டெம் செல் எடுத்து, செத்துப்போன இதயத் தசைக்குள்ள ஊசியால விட்டவை. போன மாசம் ஸ்கான் செய்யேக்க அந்த இடம் அசைஞ்சுது. பக்கத்தில சின்னதா, வேகமா இன்னொரு துடிப்பும் கேட்டுது. டொக்டர் மிசினை மாத்திப் பார்த்தார். அதிலயும் கேட்டுது.

ஊருக்குத் திரும்ப நயினாதீவு வள்ளம் ஏறேக்க அப்பா சொன்னார், "நிருஜா, எனக்குள்ள ஒண்டு பிறந்திருக்கு. பிள்ளை பிறந்த துடக்கோட, தீட்டோட, ஐயர் மூலஸ்தானத்துக்குள்ள போறதோ?"

"உங்கட செல்தானே அப்பா, என்ன விசர்க்கதை?" எண்டன். அவர் கேக்கேல்லை. அம்மாவும் சேர்ந்து துடக்குக் காத்தா.

நேற்றுத் துடக்குக் கழிஞ்சு பூசைக்குப் போனவர். மூச்சு வாங்காமல் தீபம் காட்டினார். மணி அடிக்கேக்க மட்டும் நெஞ்சில கையை வைச்சு, "பயப்பிடாதை, மணிதான்" எண்டு மெல்லத் தட்டினார்.

துடக்குக் கழிஞ்சால் பேர் வைக்கோணுமெல்லே. என்ன பேர் வைக்கலாம் எண்டு நினைக்கிறீர்?