பறக்காத ராணி

மாமியார் வருவதற்குள் யமிலே மறுபடியும் கறுப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

கண்ணாடி ஜாடிக்குள், ஈர மண்ணில், இலைவெட்டி எறும்புகளின் ராணி. வாய்க்குள் வைத்துக் கொண்டுவந்து அது துப்பிய பூஞ்சை, பஞ்சுத் துணுக்குபோல் வளர்ந்திருந்தது. அதன்மேல் பொடிப்பொடியாக முட்டைகள்.

துணியை மூடினாள். நாற்காலியை நகர்த்தினாள். திரும்பப் பழைய இடத்திலேயே போட்டாள்.

பரிச்சாரா ஊரில் ராணி எறும்பை யாரும் வளர்ப்பதில்லை. மழை தொடங்கியதும் பிடித்து, உப்புப் போட்டு வறுத்துத் தின்பார்கள். கட்டிக்கொண்டு வந்தவளுக்குக் கட்டாயம் கொடுப்பார்கள். தின்றால் வயிறு திறந்து பிள்ளை உண்டாகுமாம்.

மாமியார் எதெல்மிரா சந்தையில் அதைத்தான் விற்கிறாள். ஆறு மழைக்காலமாக மருமகளுக்குக் கூடை கூடையாகக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விற்கிறவள் சொந்தச் சரக்கைக் குறை சொல்வாளா? மருமகளைச் சொன்னாள். மகனுக்கு வேறு இடம் பார்க்கலாமென்று சந்தை முழுக்கச் சொல்லிவைத்தாள்.

இந்த வருஷக் கூடையில் ஒன்று உயிரோடு கிடந்தது. யமிலே அதை ஜாடியில் விட்டாள்.

எதெல்மிரா வந்தாள். உட்காரக்கூட இல்லை, நேரே துணியை விலக்கி, ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

மேசையில் யமிலேயின் கணவன் ஹைரோ காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான். வெல்லம் கரைந்து வெகுநேரமாகியிருந்தது.

“பாத்தியாடி. சட்டியில வேக வேண்டிய எறும்பு, அதுகூட முட்டை போட்டுடுச்சு. நீயும் இருக்கியே, எனக்குச் சரக்கு நஷ்டம்தான் மிச்சம்.”

“போடும் அத்தை. ஆனா கூடு தழைக்காது. பறந்து போய் ஆணோட சேந்தாத்தானே வேலைக்கார எறும்புங்க பொறக்கும்? நீங்கதான் புத்து வாசல்லயே பிடிச்சு றெக்கையப் பிச்சுட்டீங்களே. அதுகிட்ட ஒரு குறையும் இல்ல.”

ஹைரோவின் கரண்டி நின்றது.

“என்கிட்டயும் இல்லையாம். சான் ஹில் டவுன்ல டாக்டர் ரெண்டு பேரையும் பாத்துட்டுத்தான் சொன்னாரு,” என்றாள் யமிலே.

எதெல்மிரா ஜாடியை வைத்தாள். தராசுத் தட்டில் விரல் வைக்கிறவனைப் பார்க்கிற பார்வையை மெதுவாக மகன் பக்கம் திருப்பினாள்.

“கோழிக்குத் தீனி வைக்கணும்மா,” என்று ஹைரோ எழுந்து கொல்லைப்பக்கம் போனான்.

அந்த வீட்டில் கோழியே கிடையாது.