கைக்கெட்டாத போர்டு

வாசல்படி மிதிக்காதே என்று அப்பா சொன்ன வீட்டுக்குள் இந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் திருட்டுத்தனமாக நுழைந்தாள். கடைக்கு விடுமுறை. அப்பா பேப்பரில் மூழ்கியிருப்பார், மீன் தொட்டிப் பக்கம் திரும்ப மாட்டார். காற்று மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, தீனிப் பெட்டி நிறைய இருக்கிறது, எல்லாம் சரி.

"வந்தது தெரியாம வந்து, போனது தெரியாம போயிடுற. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்றாள் எதிர்க் கட்டிலில் படுத்திருந்த நர்ஸ், அவளுடைய அறைத்தோழி. "ஒரு போன் பண்ணிப் பேசித்தான் தொலையேன்."

"அவர் பண்ணட்டும்" என்றாள் இவள், மடியிலிருந்த லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்பாவின் வீடு வேறு ஊரில் இருந்தது. ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம், ஏறத்தான் ஆளில்லை.

பெயிண்ட் கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன், வெளியூரில் வேலைக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிய அன்றோடு பேச்சு முறிந்துபோனது. பிடிவாதத்தில் அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ள அவள் ஆசையாக மாட்டிவைத்த சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டர் போர்டு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. தினமும் காலையில் இணையம் வழியாக அதற்குள் புகுந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவாள். அந்த வீட்டில் அவளுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

ஒரு விஷயத்தில் அப்பாவைப் பாராட்டத்தான் வேண்டும். முன்பெல்லாம் தீனிப் பெட்டியை நிரப்பச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார், வாரம் தவறாமல் போர்டு 'பெட்டி காலி' என்று அவளுக்குச் செய்தி அனுப்பும். அவள் ஊரை விட்டு வந்து கொஞ்ச நாளில் அந்தச் செய்தி நின்றேபோனது. மனுஷர் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது தலைவலி வேறு. போர்டில் ஓடுகிற பழைய லினக்ஸ் இயங்குதளத்துக்கு இந்த மாதத்தோடு பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிடும். எந்த இமேஜுக்கு, அதாவது எந்த ரெடிமேட் லினக்ஸ் தொகுப்புக்கு மாறுவது என்று வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒன்று வேண்டாத அலங்காரமெல்லாம் சேர்த்துப் போர்டை மூச்சு முட்ட வைக்கும், இன்னொன்று நேற்று முளைத்தது, நம்ப முடியாது. இருக்கிற இமேஜின் புதுப் பதிப்பே போதும் என்று கடைசியில் முடிவுக்கு வந்தாள்.

முடிவெடுத்தால் ஆயிற்றா? புது மெமரி கார்டில் புது இமேஜை எழுது, பழைய கார்டை உருவிவிட்டு அதைச் செருகு, கைக்கெட்டாத போர்டில் மட்டும் பழையதன் மேலேயே புதியதை ஏற்றாதே. இந்தப் பைத்தியம் பிடித்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்வது இது. அவளே எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கடிந்திருக்கிறாள். ஆனால் கார்டை மாற்ற வேண்டுமானால் வாசல்படியை மிதிக்க வேண்டுமே.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்ற ஆரம்பித்தாள். திரையில் எழுத்துகள் வரிவரியாக ஓடின. எழுந்து ஜன்னல் வரை நடந்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், உட்கார முடியாமல் மறுபடி எழுந்தாள்.

"பிரசவ வார்டுல ஆம்பளைங்ககூட இவ்வளவு நடக்க மாட்டாங்க. கொஞ்சம் உக்காரு" என்றாள் நர்ஸ்.

எல்லாம் ஏறி முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுத்தாள். போன போர்டு திரும்பி வரவில்லை.

மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி, மறுபடி.

"போச்சு" என்றாள். "மோட்டார் நின்னிருக்கும். காத்து இல்லாம மீனுங்க சாயங்காலம் வரைக்கும் தாங்காது. ஒழுங்கா ஓடிட்டிருந்ததைச் சும்மா விடாம நானே கொன்னுட்டேன்."

"அப்பாவைக் கூப்பிட்டு பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொல்லு."

"மாட்டினாலும் வராது. இத்தனை நாளா திருட்டுத்தனமா வந்துட்டிருந்தேன், இன்னிக்கு மீனையும் சாகடிச்சுட்டேன்னு சொல்லச் சொல்றியா? அதோட தலைமுழுகிடுவார்."

சொன்னாளே தவிர, விரல் அப்பாவின் எண்ணுக்குத்தான் போனது. அழுத்தினாள், மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். திரும்ப அழுத்தப் போனபோது கையிலேயே போன் அலறியது. திரையில் 'அப்பா' என்று இருந்தது.

நர்ஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா" என்றார் அப்பா. அவருக்கு மூச்சு வாங்கியது. "உனக்கு ஒண்ணும் இல்லையே? உடம்பு கிடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நீங்க உடனே மீனுங்களைப் பக்கெட் தண்ணிக்கு மாத்துங்க. தப்பு என்னோடதுதான், அப்புறமா திட்டிக்கோங்க."



"மீனா? அதெல்லாம் நீ போன கொஞ்ச நாள்லயே போய்ச் சேர்ந்துடுச்சும்மா. தொட்டியைக்கூடக் கழுவிக் கவுத்துட்டேன், நிரப்பி வச்ச தீனிதான் திங்க ஆளில்லாம அப்படியே கிடக்கு."

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. "அப்புறம் அந்த போர்டை மட்டும் ஏம்ப்பா அணைக்காம வச்சிருந்தீங்க?"

"இன்னிக்குப் பாதியில அணைஞ்சுபோச்சே, அதுல அந்தப் பச்சை லைட் நீ உள்ள வந்தாத்தான் மின்னும். அதைப் பாத்துட்டுத்தான் தினமும் நான் கடையைத் திறக்கவே போவேன், பாப்பா."