அருவிப் படியில் ஓர் அலறல்

"ஐயோ, பயமா இருக்கே! யாராவது கையைப் பிடிங்களேன்!"

இருட்டில் அலறியது திம்மப்பன். ஓசூர் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர்.

கம்பெனியே குடும்பத்தோடு ஆந்திராப் பக்கம் சுண்ணாம்புக் குகை பார்க்க வந்திருந்தது. பூமிக்கடியில் ஓடும் ஓடை அருவியாக விழும் இடம். அதைப் பார்த்துவிட்டுக் குறுகலான இரும்புப் படியில் வரிசையாக ஏறும்போது கரண்ட் போய்விட்டது.

"கதலொத்து, கதலொத்து!" கைடு தெலுங்கில் கத்தினார். அசையாதே என்பது ஓசூர்க்காரர்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள். படியெல்லாம் ஈரம். செல்போன் வெளிச்சம் சாரலைத் தாண்டிப் போகவில்லை.

"யோவ் திம்மப்பா, பொம்பளைங்களே கம்முனு நிக்கிறாங்க. நீ ஏன்யா கத்தற?" என்று கூட வேலை பார்க்கும் மாதவன் பின்னாலிருந்து அதட்டினான்.

"முடியலப்பா, காலு நடுங்குது. பிரியதர்ஷினி, நீதானே முன்னாடி நிக்கிற? என்னைக் கூட்டிட்டுப் போம்மா!"

அவள் அவருக்குக் கீழே புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்.

"விட்டுட்டுப் போயிடாத பாப்பா, விழுந்துடுவேன்!"

அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெல்ல ஒரு குரல்.

"கையைக் கொடுங்கண்ணா."

"படி எங்கம்மா?"

"இதோ, இங்க வைங்க. கம்பியைப் பிடிச்சுக்குங்க."

"இன்னும் இருக்கா?"

"கொஞ்சம்தான். நான் இருக்கேன்ல, வாங்கண்ணா."

வரிசை நகர்ந்தது.

வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கிண்டல். மாதவன் செல்போனில் பிடித்த அலறலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினான். சிரிப்பு அடங்கவில்லை.

சரசம்மா புருஷன் திம்மப்பனை வேன் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பர்கூர் கல்குவாரியில வெடி வச்ச ஆளு நீங்க. சானமாவு காட்டுல யானை எதிர்ல நின்னப்பகூட வண்டியை அசையாம நிறுத்துனீங்க. இன்னைக்கு எல்லார் எதிர்லயும், ஒரு சின்னப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு... என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

திம்மப்பன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாருகிட்டயும் சொல்லிடாத சரசு. கரண்ட் போனதும் அந்தப் பொண்ணு கம்பியை விட்டுட்டு அப்படியே படியில உக்காந்துடுச்சு. உடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது. பின்னாடி கூட்டம் தள்ளுது. பயப்படாத, எந்திரின்னு எவ்வளவோ சொன்னேன், அசையல. அப்புறம்தான் எனக்குப் பயமா இருக்குன்னு அழுதேன்.

என்னைக் காப்பாத்த எந்திரிச்சுடுச்சு."