எது வாசல்

மணப்பெண் இதழினியின் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மதில்தான். ஊரில் எல்லாத் தெருவும் முட்டுச்சந்தாகிவிட்டதால், சாலை வழியே நாற்பத்தொரு கிலோமீட்டர். தாலி கட்டியாயிற்று, ராகுகாலத்துக்கு இருபது நிமிடமே இருந்தது.

பெண்ணின் அப்பா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "ஏணி வச்சு ரெண்டு பேரையும் அனுப்பிடட்டுமா, சம்பந்தி?"

"கொல்லைப்பக்கமாவா? மருமக வாசல் வழியாத்தான் வரணும்" என்றாள் மாமியார் ஹர்ஷினி. பிறகு மணியைப் பார்த்தாள். கோலமாவை எடுத்துவந்து மதிலோரம் கோலம் போட்டாள்.

"இனிமே இதான் வாசல். வலது காலை எடுத்து வச்சு இறங்கும்மா."

காலையிலேயே சீர்வரிசையோடு காரில் கிளம்பிய பெண்ணின் தாய்மாமன், சந்து சந்தாக முட்டித் திரும்பி, சாயங்காலம் வந்து முன்கதவைத் தட்டினார்.

"கொல்லைப்பக்கம் யாரோ தட்றாங்க, பாரு" என்றாள் ஹர்ஷினி.