நாற்பத்தோராவது பேர்

"இந்தாளுக்கா மறுபடியும் தலைவர் நாற்காலி? அதுக்கு என்னை அட்டைப்பெட்டியில போட்டு ஒட்டி அனுப்பிடுங்க!"

காந்திமதி சொன்னது லைன் முழுக்கக் கேட்டது. பத்தாவதில் கோட்டைவிட்டு, ஒரகடம் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான். வாய்க்கு மட்டும் பத்து வருஷ சர்வீஸ். அதனாலேயே செக்ஷன் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள்.

1991 சங்கத் தேர்தல். ஜனாதிபதி தேர்தல் மாதிரிதான். செக்ஷனுக்கு ஒரு பிரதிநிதி ஓட்டுப் போடுவார். அந்த செக்ஷன் பதிவேட்டில் எத்தனை பேரோ, அந்த ஓட்டுக்கு அத்தனை மதிப்பு. சமமாக வந்தால் பழைய தலைவரே தொடருவார்.

பழைய தலைவர் வரதராஜன். மெஷினில் கை நசுங்கி, ஆறு மாசமாக வடக்குப்பட்டில் வீட்டோடு கிடக்கிறாள் பேக்கிங் கிளியம்மாள். மனுஷன் ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. எதிர்த்து நின்ற ரகுபதியோ சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், கூடவே பத்து ஆள் சகிதம் போய்வந்தார்.

காந்திமதி யோசிக்கவே இல்லை. பேக்கிங் நாற்பத்தொன்றும் ரகுபதிக்கு. ஸ்டோர்ஸ் முப்பதும் அவருக்கே. மெஷின் ஷாப் எழுபது வரதராஜனுக்கு.

எழுபத்தொன்று, எழுபது!

வரதராஜனின் ஆள் பரசுராமன் துள்ளிக் குதித்தான்.

"இரு இரு! கிளியம்மா பேரு இன்னாத்துக்கு இன்னும் லிஸ்ட்ல கீது? மூணு மாசம் வரலேன்னா அடிக்கணும். அடி! எழுபதுக்கு எழுபது. அண்ணன்தான் தலைவரு!"

"பேரை அடிச்சா அந்தக்கா வேலையே பூடும். அப்புறம் யாரு அதுக்காகப் பேசுவா?" காந்திமதி சீறினாள். "இன்னா தலைவரே, ஒரு நாற்காலிக்கு ஒரு பொம்பளை பொழப்பா?"

வரதராஜன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அடிக்க முடியாது பரசு. 'திரும்ப வேலைக்கு வருவாங்க, நான் பொறுப்பு'ன்னு உறுப்பினர் ஒருத்தர் மாசாமாசம் கையெழுத்துப் போட்டா பேரு இருக்கும். போட்டிருக்கு."

"பாத்துக்கங்க!" காந்திமதி ரகுபதியைக் காட்டினாள். "எங்கண்ணன் சத்தமில்லாம இன்னா வேலை பண்ணிக்கீறாரு!"

ரகுபதி அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். கழுத்தில் மாலை விழுந்தது. விசில் பறந்தது.

வரதராஜன் எழுந்து, சங்க அறைச் சாவியை ரகுபதி கையில் வைத்தார்.

"வர்ற அஞ்சாந்தேதி மறந்துடாதப்பா. கிளியம்மாளுக்குக் கையெழுத்து. இதுவரைக்கும் நான் போட்டேன். இனிமே நீ போடு."

"அதை எந்த நோட்டுல போடணும்?" என்றார் ரகுபதி.

எல்லாரும் காந்திமதியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்து வருஷ சர்வீஸில் அந்த வாய் முதல் தடவையாக லீவு போட்டது.