பதினாலாம் நம்பர் ஸ்பானர்

"திருவிழாக் கடையில கூறுகட்டி விக்கிற ஸ்பானரு. அத வச்சு பிரேக்க மாட்டியிருக்கான். பெரிய இஞ்சினியரு" என்றாள் பேபி மைனி, சட்னிக்குத் தாளித்துக்கொண்டே.

ஜினிஷா காதில் விழாததுபோல இட்லித் தட்டை இறக்கினாள். கணவனின் அக்கா வாயில் விழுந்து எழுந்தவர்கள் குலசேகரத்தில் யாருமில்லை. அம்மா செத்த பிறகு தம்பி டைட்டஸை வளர்த்து ஆளாக்கி, தனக்கென்று ஒரு கல்யாணம்கூட வேண்டாமென்று இருந்துவிட்டவள். அந்த உரிமையில் நாக்கு கொஞ்சம் நீளம்தான்.

ஆனால் இன்றைக்கு மைனி சொன்னது நெஞ்சில் போய்த் தைத்தது.

நேற்று சாயங்காலம் டைட்டஸ் போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, காரின் முன் சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் பேட் மாட்டினான். சாமான் எல்லாம் மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது கடையில் சல்லிசாக வாங்கியது. "ஒர்க்‌ஷாப்காரன் கையில மட்டும் என்ன, தங்க ஸ்பானரா இருக்கு?" என்று ஒரே பெருமை.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஜாக்கி நின்றது, நட்டு கழன்றது. கடைசி போல்ட்டை முறுக்கும்போதுதான் பதினாலாம் நம்பர் ஸ்பானர் வாய் விரிந்து வழுக்கியது. டைட்டஸ் அக்கம்பக்கம் பார்த்தான். அதைக் கோழிக்கூட்டுப் பக்கமாக வீசிவிட்டு, வேறொன்றை எடுத்து எப்படியோ முறுக்கி முடித்தான்.

ஜன்னல் வழியாக ஜினிஷா பார்த்துவிட்டாள். அப்புறம் பிடித்த மழை விடவேயில்லை. வண்டியை ஓட்டிப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை, ஒரே வெப்ராளம். விடிந்தால் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கோயிலுக்குப் போக ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் இறங்க வேண்டும். இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு வளைவு. வளைவை ஒட்டித் தண்ணீர் நிறைந்த சானல் வாய்க்கால்.

காலையில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "மழை நேரமா இருக்கு. ஒரு ஆட்டோவ வரச் சொல்லட்டா?"

டைட்டஸின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன், நான் செஞ்ச வேலையில நம்பிக்கை இல்லியா?"

"சும்மா கேட்டேன்" என்று விழுங்கிக்கொண்டாள். நல்ல நாளும் அதுவுமாக அவன் மனசை ஏன் நோகடிக்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்துத்தான் மைனி புதுச் சேலையில் வந்து நின்றாள்.

"லேய் டைட்டஸ், வண்டிய எடு. என் செருப்பு வார் அறுந்து போச்சு. ஜங்ஷன்ல போயி புதுசு வாங்கணும்."

"இப்பவா அக்கா? ஆராதனைக்கு நேரமாச்சு."

"பின்னே, அறுந்த செருப்போட ஊர்க்காரங்க முன்னால நிக்கணுமா?"

"என் செருப்பு இருக்கு, போட்டுக்குங்க மைனி" என்றாள் ஜினிஷா.

"உன் செருப்புல என் பெருவிரல்கூட நுழையாது."

"ஞாயித்துக்கிழமை காலையில எந்தக் கடை மைனி திறந்திருக்கும்?"

"அத நான் பாத்துக்கிடுதேன். நீ பிள்ளைக்கு உடுப்ப மாட்டு." மைனி போய் முன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டாள். டைட்டஸ் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

போகாதீங்க என்று சொல்ல ஜினிஷாவுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இறக்கத்தில் சத்தம் தேய்ந்து போகிறவரைக்கும் வாசலிலேயே நின்றாள்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. டைட்டஸின் போன் சார்ஜில் கிடந்தது. கோயிலிலிருந்து போதகர் ஐயர் வேறு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். வெள்ளை உடுப்பு போட்ட பிள்ளை மடியில் சிணுங்கியது. சே, ஒரு செருப்புக்கு வேண்டி இப்படியும் ஒரு பிறவியா, தம்பி பிள்ளையோட ஞானஸ்நானத்தைவிடச் செருப்பு பெரிசா என்று மனசுக்குள் மைனியைத் திட்டித் தீர்த்தாள்.

ஒரு வழியாகக் கார் வந்து நின்றது. டைட்டஸ் வேர்த்து வழிந்து இறங்கினான்.

"கடை திறந்திருந்துதா?"

"எங்க கடை? ஜங்ஷனுக்கே போகல" என்று அலுத்துக்கொண்டான். "இறக்கத்துல விடுன்னா, வளைவுக்கு முன்னால பிரேக்க சவுட்டுன்னா. திரும்ப மேல ஏறி, இன்னும் வேகமா விடுன்னா. கோயிலுக்குப் போற நேரத்துல என்னைப் போட்டு வதைச்சுட்டா." முகம் கழுவ உள்ளே ஓடினான்.

ஜினிஷா மைனியின் காலைப் பார்த்தாள். பழைய செருப்புதான். இரண்டு வாரும் அறாமல் அப்படியே இருந்தன.

மைனி பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். வாய் விரிந்த ஸ்பானர்.

"காலையில கோழியத் திறந்துவிடப் போனப்ப கண்டேன்" என்றாள் குரலைத் தாழ்த்தி. "மத்த சாமான் எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. இந்தப் பதினாலு மட்டும் நல்லதா ஒண்ணு வாங்கச் சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, ஜினிஷாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி, நீயும் பாத்திருப்பியே?"

ஜினிஷா தலையைக் குனிந்துகொண்டாள். கண் நிறைந்து ஸ்பானர் தெரியவில்லை.

"சரி, அழாத. பிரேக்கு நல்லா நிக்குது. பிள்ளையத் தூக்கிட்டு வந்து ஏறு."

"உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா மைனி..."

"மாட்டின பாவத்துக்கு அவன், அவன வளத்த பாவத்துக்கு நான். பிள்ளை என்ன பாவம் செஞ்சுது?"