நிலா பூசிய கடைத்தெரு

இதைக் கேட்டால் கட்டாயம் சிரிப்பீர்கள், ஆனால் இப்போதே வேண்டாம்.

படத் தபால் அட்டை புதிதாக வந்த காலம். அப்போது நிறத்துக்கு ஒரு கல்லில் படம் வரைந்து, ஒரே அட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். ஓர் அச்சுக்கூடத்தில் கறுப்புக் கல் நடுப்பகல் கடைத்தெருப் படத்தைச் சுமந்தது. நீலக் கல் இரவு வானத்தையும் நிலாவையும் சுமந்தது.

"நிலாக் காட்சிதான் விற்குதாம். உன் பகல் மேல என் நீலத்தைப் பூசப்போறேன்," என்றது நீலக் கல்.

"என் தெருவுல வெயில்தான் அடிக்கும்."

"முரண்டு பிடிச்சா உன்னைத் தேய்ச்சிட்டு வேற படம் வரைஞ்சிடுவாங்க."

கறுப்புக் கல் நீலக் கல்லின் கனத்த குரலிலேயே, "நிலாக் காட்சிதான் விற்குதாம், பூசுங்க அண்ணே," என்றது. ஆனால் தன் படத்தில் ஒரு கோட்டைக்கூட மங்கவிடவில்லை.

ஆயிரம் அட்டைகள் ஊர் ஊராகப் போயின. மிச்சமிருந்த ஒன்றை நீலக் கல் ரசித்தது.

"என்ன நிலா, என்ன குளிர்ச்சி..." என்று இழுத்தது, சட்டென்று நிறுத்தியது.

"ஏண்டா, நிலாவுக்கு எதுக்குடா எல்லாரும் குடை பிடிச்சிருக்காங்க?"